தாயனாரைத் தாங்கிய கை

தற்கொலை பாவமா என்று என்னிடம் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இருபது வயதைத் தொட்ட பிள்ளைகள்தாம். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அப்படிக் கேட்பதில்லை. திருப்புகழ் வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அருணகிரிய கையில ஏந்துன முருகன் எம்புள்ளய ஏன் டீச்சர் ஏந்தல?" என்றார்.

அவருடைய மகன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவன். இதற்குமேல் அவனைப் பற்றி எழுதப்போவதில்லை. எப்படி இறந்தான் என்பதையும் எழுதமாட்டேன். தெரிந்துகொள்ளும் ஆவல் நமக்கு இருக்கும். ஆனால் அதே நிலையில் தவிக்கும் இன்னொரு பிள்ளையும் இதைப் படிக்கக்கூடும்; அவன் கையில் அந்த விவரத்தைக் கொடுக்கக் கூடாது.

அன்று அந்தத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதில் எதுவும் சொல்லவில்லை. கேள்வி மட்டும் என்னை விடவில்லை. பினாங்கில் பள்ளி ஆலோசக ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாரமும் திருப்புகழும் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வருபவர்களில் பலர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக மாணவர்கள். 1969இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. பிரிட்டிஷ் இராணுவ முகாமாக இருந்த மைண்டன் குன்றின்மீது நிற்கிறது. பேராக்கிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் கெடாவிலிருந்தும் வந்து 'டேசாசிஸ்வா'வில், அதாவது விடுதியில், தங்கிப் படிக்கிறார்கள். வீட்டின் முதல் பட்டதாரி என்ற பெருமையைத் தூக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள் அவர்களில் நிறைய. கல்விக் கடனாக வரும் பணத்தில் ஒரு பகுதியைத் தம்பியின் பள்ளிச் செலவுக்கு அனுப்பிவிட்டு, மாதக் கடைசியில் மாமாக் கடையில் ஒரு ரொட்டியோடு நாளை ஓட்டுகிறவர்களும் உண்டு. கேட்டால் "சாப்பிட்டேன் டீச்சர்" என்பார்கள்.

நண்பன் ஒருவன் வாழ்வில் பிடிப்பு விட்டுப்போகிற நேரத்தில் அதை எப்படி அறிவது, என்ன கேட்பது, யாரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று மாணவர்களுக்கே கற்றுக்கொடுக்கும் பயிற்சிகள் இப்போது நடக்கின்றன. உலகில் பல இடங்களில் பின்பற்றப்படும் ஒரு முறையை அமெரிக்க உளவியலாளர் பால் குவின்னெட் 1995இல் வகுத்தார். அதில் செய்ய வேண்டியவை மூன்று: நேராகக் கேட்பது, உதவியை ஏற்றுக்கொள்ளும்படி பேசி இணங்கவைப்பது, உரியவரிடம் ஒப்படைப்பது. மருத்துவம் படிக்காதவரும் மாரடைப்புக்கு முதலுதவி கற்றுக்கொள்வதுபோல இதையும் எவரும் கற்கலாம் என்பது அவருடைய எண்ணம்.

எங்கள் வகுப்புப் பிள்ளைகள் சிலர் அப்படி ஒரு பயிற்சிக்குப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்கள். இருவர் இருவராக எதிரெதிரே உட்காரவைத்தார்கள். ஒருவர் மனம் ஒடிந்த மாணவர். மற்றவர் அவருடைய அறைத்தோழர். சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த ஒரு பெண்ணின் முறை வந்தது. "நீ தப்பா ஏதும் முடிவு எடுத்துட மாட்டேல்ல?" என்று கேட்டாள். பயிற்றுநர் நிறுத்தினார். இப்படிக் கேட்டால் 'இல்லை' என்ற பதில்தான் வரும், அந்தப் பதிலைத்தான் நீ விரும்புகிறாய் என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும் என்றார். அவள் மறுபடி முயன்றாள். வார்த்தை வரவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, நிமிர்ந்து, "செத்துப் போயிடலாம்னு தோணுதா உனக்கு?" என்று கேட்டாள். கேட்டு முடித்ததும் அவளே அழுதுவிட்டாள். எதிரில் நடிப்பதற்காக உட்கார்ந்திருந்த பையனுக்கும் கண் கலங்கிவிட்டது.

கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்ததாகிவிடும் என்று நாம் பயப்படுகிறோம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் சுமைதான் கொஞ்சம் இறங்குகிறது. கேட்ட பிறகு செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. அறிவுரை சொல்லாமல் கேட்க வேண்டும். 'யாருக்கும் சொல்லமாட்டேன்' என்று சத்தியம் செய்துவிடக் கூடாது. ஆபத்தான பொருள்கள் கைக்கெட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆலோசகரிடமோ மருத்துவரிடமோ ஒப்படைக்கும்வரை தனியே விட்டுவிட்டு வரக் கூடாது. இவை அனைத்தையும் ஒரு பகலில் கற்றுக்கொடுத்துவிட்டார்கள்.

தேநீர் இடைவேளையில் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அப்படிச் செத்தவங்க ஆயுசு முடியறவரைக்கும் பேயா அலைவாங்கன்னு பாட்டி சொல்வாங்க. நிஜமா டீச்சர்?" சமய வகுப்பு எடுப்பவளிடம் இதைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். நம் மரபில் கண்டனம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். பெறுதற்கரிய மானிடப் பிறவியை இடையிலே முடிப்பது பிழை என்று நூல்கள் சொல்கின்றன. உடம்பை முதலில் இழுக்கென்று நினைத்து, பிறகு அதற்குள் இறைவன் குடியிருக்கக் கண்டு பேணத் தொடங்கியதாகத் திருமூலரும் பாடியிருக்கிறார். உயிரைப் பேணு என்ற அந்தப் போதனையை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன்.

ஆனால் 'பாவம்' என்ற தீர்ப்பு யார் காதில் விழுகிறது என்று பாருங்கள். இறந்தவர் அதைக் கேட்பதில்லை. பெற்ற தாய் கேட்கிறாள். அதே எண்ணத்தோடு வரிசையின் கடைசியில் நின்றுகொண்டிருக்கும் இன்னொரு பிள்ளை கேட்கிறான். பாவம் என்ற பயம் அவனைத் தடுக்கும் என்பார்கள். சிலரைத் தடுத்திருக்கலாம். நான் ஆலோசனை அறையில் பார்த்தவரை, அந்தப் பயம் பலருடைய வாயைத்தான் அடைத்தது. 'எனக்கு இப்படித் தோணுது' என்று சொன்னால் பாவி என்பார்களோ என்று நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைத்தார்கள். ஒரு வீட்டில் மகள் போன துக்கத்துக்குச் சென்றிருந்தேன். பத்து லஞ்சாங் மயானத்திலிருந்து திரும்பிய அன்றே, பதினாறாம் நாளைப் பெரிதாகச் செய்ய வேண்டாம், சுருக்கமாக முடித்துவிடுங்கள் என்று உறவுப் பெரியவர் ஒருவர் சொன்னார். அந்தத் தகப்பன் தலையாட்டினார். மகளுக்காக அழுவதற்குரிய நாளையும் அவரிடமிருந்து பறித்தாயிற்று.

மருந்தியல் படிக்கும் மாணவர் ஒருவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வாதாடினார். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்விட்டதைப் புகழ்ந்து பாடிய இனம்தானே நாம், அது மட்டும் எப்படி வீரம் என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தச் செயலுக்கு நான் வழக்குரைக்க வரவில்லை. ஆனால் புறநானூறு காட்டுகிற அந்த அரசன் தனியாக இல்லை. ஆற்றங்கரையில் பலரும் அறிய அமர்ந்தான்; சான்றோர் உடனிருந்தார்கள்; முன்பின் பார்த்திராத பிசிராந்தையார் வருவார் என்று அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் சொன்னான்; அவரும் பாண்டி நாட்டிலிருந்து வந்து சேர்ந்தார். ஓர் அறைக்குள், யாருக்கும் நான் வேண்டாம் என்று நம்பிக்கொண்டு, தேர்வு முடிவையோ முறிந்த காதலையோ கடனையோ தாங்காமல் நொடிந்துபோகும் பிள்ளைக்கு அதை உதாரணம் காட்ட முடியாது. அந்தப் பிள்ளையிடம் இருப்பது துணிவு அன்று. நோயும் தனிமையும்.

இதை நோய் என்று பார்க்காமல் குற்றம் என்று பார்த்தது நம் சட்டமும்தான். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஓராண்டு வரை சிறையில் அடைக்கலாம், அபராதம் விதிக்கலாம் என்று சொன்ன 309ஆம் பிரிவு, ஆங்கிலேயர் 1860இல் இந்தியாவுக்கு எழுதிய தண்டனைச் சட்டத்தின் வழியில் வந்தது. இங்கிலாந்து தன் மண்ணில் அந்தக் குற்றத்தை 1961இலேயே நீக்கிவிட்டது. இலங்கை 1998இல் நீக்கியது. மலேசிய மக்களவை 2023 மே 22 அன்று நீக்கத்துக்கு ஒப்புதல் தந்தது; அவ்வாண்டு செப்டம்பர் 11 அன்று அது நடைமுறைக்கு வந்தது. உலகத் தற்கொலைத் தடுப்பு நாளான செப்டம்பர் 10க்கு மறுநாள். அதுவரை இந்த நாட்டில் மருத்துவமனைப் படுக்கையில் கண்விழித்த பிள்ளை, காவல் துறையையும் எதிர்பார்த்துக்கொண்டுதான் கண்விழிக்க வேண்டியிருந்தது. அரசு தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஊரும் உறவும் கோயிலும் இன்னும் பெறவில்லை.

சரி, அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன்.

அவருக்குப் பலர் ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தார்கள். 'விதி, அவன் ஆயுசு அவ்வளவுதான், போன பிறவி வினை.' ஆறுதலாகத்தான் சொல்லியிருப்பார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். ஏன் என்பதற்கு இலங்கையைப் பார்த்தால் போதும். 1990களில் உலகிலேயே தற்கொலை விகிதம் மிக உயர்ந்திருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிமருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அந்நாடு தடைசெய்தது. இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 விழுக்காடு குறைந்தது. 1995 முதல் 2015 வரை சுமார் 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். போருக்கும் ஆழிப்பேரலைக்கும் நடுவே நடந்தது இது. அத்தனை பேருடைய தலையெழுத்தும் கடையின் ஒரு தட்டு காலியானதும் மாறிவிட்டதா? அந்தக் கணத்தைக் கடந்துவிட்டவர்களில் மிகப் பலர் பிறகு வாழ்ந்தார்கள் என்பதுதான் உண்மை. மலேசியாவும் 2020 ஜனவரி முதல் பாராக்குவாட் களைக்கொல்லியைத் தடைசெய்திருக்கிறது. தோட்டப்புறங்களை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். மலேசிய இந்தியரிடையே தற்கொலை விகிதம் மற்ற இனத்தவரைவிடக் கூடுதலாக இருந்ததைப் பல ஆண்டுகளாக ஆய்வுகள் காட்டிவந்திருக்கின்றன. வினை உண்டு என்று நம்புகிறவள் நான். அதை இன்னொருவர் வீட்டுச் சவத்தின்மேல் எழுதி ஒட்டும் உரிமை எனக்கு இல்லை.

விதி இல்லையென்றால் முருகன் ஏன் வரவில்லை? திருவண்ணாமலைக் கோபுரத்திலிருந்து விழுந்த அருணகிரிநாதரைத் தாங்கி, அடியெடுத்துக் கொடுத்துப் பாடவும் வைத்தான் என்ற கதை இங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். எனக்கு உதவியது சேக்கிழாரின் பெரியபுராணத்தில் உள்ள இன்னொரு கதை. அரிவாட்டாய நாயனாரின் கதை.

தாயனார் என்பது அவர் இயற்பெயர். கணமங்கலத்து வசதியான வேளாளர். சிவனுக்கு நாள்தோறும் செந்நெல் அரிசியும் செங்கீரையும் மாவடுவும் படைப்பவர். செல்வம் கரைகிறது. கூலிக்கு நெல் அறுக்கப் போகிறார். கூலியில் கிடைத்த செந்நெல்லை இறைவனுக்கு வைத்துவிட்டுக் கார்நெல்லைத் தாம் உண்கிறார். பிறகு கூலி முழுவதும் செந்நெல்லாகவே கிடைக்கிறது, எல்லாமே சாமிக்கு. கொல்லையில் இருந்த கீரையை மனைவி சமைத்துப் போடுகிறாள். கீரையும் தீர்ந்து வெறும் தண்ணீர் குடிக்கும் நாள் வருகிறது. யாரிடமும் வாய் திறக்கவில்லை. படையல் மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வயல்வழியே நடக்கிறார். பின்னால் மனைவி ஆனைந்து, அதாவது பஞ்சகவ்வியம், நிறைந்த மட்கலத்தை ஏந்தி வருகிறாள். கால் தளர்ந்து விழுகிறார். கலத்தின் வாயை மூடியிருந்த கையால் அவள் கணவனை அணைத்துப் பிடிக்கிறாள். அப்படியும் அமுது முழுவதும் நிலவெடிப்பில் சிந்திவிடுகிறது. இனிப் போய் என்ன பயன் என்று அவர் மனம் முடிவுகட்டுகிறது. உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிகிறார். அந்த வெடிப்பிலிருந்தே இறைவனின் கை எழுந்து அவர் கையைப் பிடிக்கிறது. மாவடுவைக் கடிக்கும் ஓசையும் எழுகிறது. சிந்திய இடத்திலேயே சாமி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

சேக்கிழாரை நான் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அந்தத் தாய் கேட்ட பிறகுதான் அந்த மனைவியை நின்று பார்த்தேன். நாயனாரை முதலில் தாங்கிய கை அவளுடையது. வெடிப்பிலிருந்து வந்த கை இரண்டாவது. முடிந்தவரை அவள் பிடித்தாள். அமுது சிந்தத்தான் செய்தது. அவள் இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கலாமே, முன்கூட்டியே கவனித்திருக்கலாமே என்று சேக்கிழார் ஓரிடத்திலும் குறை சொல்லவில்லை. காதலால் அணைத்தாள் என்று பதிவுசெய்துவிட்டு நகர்கிறார்.

நாயனார் அந்த முடிவுக்கு வந்த வழியையும் பாருங்கள். ஒரே கணத்தில் வந்ததன்று. பசி, கூலி வேலை, சொல்லாமல் விழுங்கிய அவமானம், தன் கடமையில் ஒரு பருக்கைகூடக் குறையக் கூடாது என்ற கண்டிப்பு, அதற்கெல்லாம் மேல் ஒரு நாள் ஒரு சறுக்கல். கூடை சிந்தியதும் வாழ்வே சிந்திவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அந்தக் கணத்தில் அவரால் காண முடியாத ஒன்று, இறைவன் சிந்தியதையே ஏற்றுக்கொண்டான் என்பது. 'சாப்பிட்டேன் டீச்சர்' என்று சொல்லும் என் பிள்ளைகளில் எத்தனை தாயனார்கள்.

இறைவனின் கை நம் காலத்தில் எப்படி வரும்? 14ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் எழுதிய திருவருட்பயன் இதற்கு விடை சொல்கிறது: ஒரு மிருகத்தைப் பழக்கி அதைக் கொண்டே மற்றவற்றைப் பிடிப்பது வேட்டுவர் வழக்கம், இறைவனும் மனிதரை ஆட்கொள்ள மனித உருவிலேயே வருகிறான், உலகம் அதை அறிவதில்லை. குருவைப் பற்றிச் சொன்னது இது. அறைத்தோழனுக்கும் பொருந்தும் என்று நான் துணிந்து சொல்வேன். பிள்ளையின் கதவைத் தட்டி 'செத்துப் போயிடலாம்னு தோணுதா' என்று நடுங்கும் குரலில் கேட்கிற சுங்கை சிப்புட் பெண்ணின் கை, வெடிப்பிலிருந்து எழுந்த கைதான்.

அப்படியானால் அந்தத் தாயின் கை தவறிவிட்டது என்று ஆகிவிடாதா? இந்த இடத்தில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். தேர்ந்த மருத்துவர்களும் பயிற்சி பெற்ற தொண்டர்களும்கூட சிலரை இழந்திருக்கிறார்கள். மனச்சோர்வு உயிர்குடிக்கும் நோய். எல்லாப் பிடிக்கும் அது அடங்குவதில்லை. கை நீட்ட வேண்டியது நம் கடமை. பிடி நழுவியது குற்றம் ஆகாது. இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளத் தெரியாத சமயப் பேச்சு கொடுமையில்தான் முடியும்.

பிறகொரு நாள் அந்தத் தாயிடம் தாயனார் கதையைச் சொன்னேன். முருகன் ஏன் வரவில்லை என்பதற்கு என்னிடம் விடை இல்லை என்பதையும் சொன்னேன். கதையைக் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "அந்தம்மாவ யாரும் திட்டலியா டீச்சர்?" இல்லை என்றேன். இன்றும் வகுப்புக்கு வருகிறார்.

கேட்பதற்கு ஒரு காது இல்லாமல் பிள்ளைகள் போவதைப் பார்த்துப் பொறுக்காத சமயவாதிகள் வேறு மரபுகளிலும் இருந்தார்கள். முதல் மாதவிலக்கைக் கொடிய நோய் என்று நினைத்து உயிர்விட்ட பதினான்கு வயதுச் சிறுமிக்கு இறுதிச் சடங்கு செய்ய நேர்ந்த ஆங்கிலப் பாதிரியார் சாட் வரா, 1953இல் இலண்டனில் தம் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்து உட்கார்ந்தார். அதிலிருந்து வளர்ந்த இயக்கத்தின் வழியில்தான் 1970இல் கோலாலம்பூரில் பிஃபிரண்டர்ஸ் அமைப்பு தொடங்கியது. பினாங்கிலும் அதன் தொண்டர்கள் இருக்கிறார்கள். சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சிநேகா அமைப்பைத் தொடங்கினார். பொதுத்தேர்வில் தோற்ற பிள்ளைகள் ஓராண்டு காத்திராமல் உடனே துணைத்தேர்வு எழுத வேண்டும் என்று அவர்கள் வாதாடியதும் தமிழ்நாட்டில் அது நடைமுறைக்கு வந்ததும் என்னை மிகவும் தொட்ட செய்தி. ஒரு தேர்வு அட்டவணைகூட கையாக முடியும்.

மலேசியாவில் 2022இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, இடைநிலைப் பள்ளி வயதினரில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு உயிரை விடும் எண்ணம் வந்திருக்கிறது. அவர்கள்தாம் அடுத்து மைண்டனுக்கும் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் வருகிறார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைச் சாலையில் பந்தல் போடுகிறவர்களை, கோயில் நிர்வாகத்தினரை, திருமுறை வகுப்பு நடத்தும் என் சக ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் தொண்டர்களில் இருவரையாவது இந்தப் பயிற்சிக்கு அனுப்புங்கள். அப்படி இறந்த பிள்ளைக்குக் கருமக்கிரியையில் எதையும் குறைக்காதீர்கள். பதினாறாம் நாள் அந்த வீட்டுக்குப் போய் உட்காருங்கள். அர்ச்சனைச் சீட்டு விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் உதவி எண்ணை எழுதி மாட்டுங்கள்.

இதைப் படிப்பவருக்கே அந்த எண்ணம் இருந்தால், தம்பி, தங்கச்சி, நீ பாவி இல்லை. இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல். மலேசியாவில் சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. பிஃபிரண்டர்ஸ் 03-7627 2929, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். இந்தியாவில் 14416. இலங்கையில் 1926.